தலையாட்டி விளையாட்டு

மாலை நான்கரை மணி. துறைமுக வேலைத்தலத்தின் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்த அதிகாரியின் கண்ணில் முதலில் பட்டது, முற்றத்தில் நின்ற பழைய காரின் யன்னலுக்குள் தெரிந்த ஒரு தலை. அந்தத் தலைக்கு முகம் இருக்கவில்லை. மாச்சாக்கு ஒன்று அதைத் தோள்வரை மூடியிருந்தது. கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் கத்தரிக்கோலால் வெட்டிய இரண்டு ஓட்டைகள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தலை மேலும் கீழுமாக அசைந்தது.

சாக்குக்குள் இருந்தவன் என் சின்னம்மாவின் மகன். வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். ஆறு வயது.

என்னோடு அந்தத் தெருவில் வளர்ந்த உங்களுக்குத் தலையாட்டி யாரென்று சொல்லத் தேவையில்லை. நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. சுற்றிவளைப்பு நடக்கும் நாட்களில் இராணுவத்தினர் ஆண்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். ஜீப்புக்குள் முகம் மூடிய ஒருவன் இருப்பான். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடந்து போகவேண்டும். அவன் தலையாட்டினால் அந்த ஆளை இழுத்துக்கொண்டு போவார்கள். ஆட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அவன் வாய் திறப்பதில்லை.

அந்த வருடம் தை மாதத்தில் உள்துறைமுகத்தில் ஒரு படகு வெடித்தது. எங்கள் அலுமாரிக் கண்ணாடி கழன்று விழுந்து உடைந்தது. காலையில் கரையோரம் முழுவதும் வயிறு வெளுத்த மீன்கள் மிதந்தன. மீன்களுக்கு நடுவே ஒரு சப்பாத்தும் கரைக்கு வந்தது. சப்பாத்துக்குள் கால் இருந்தது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னாள். நான் பார்த்தது சப்பாத்தை மட்டும்தான்.

அடுத்த நாள் எங்கள் தெருவைச் சுற்றிவளைத்தார்கள். அப்பாவையும் அண்ணனையும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி நடத்திக்கொண்டு போனார்கள். அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. நாங்கள் சிறுவர்கள் மைதானத்து மதிலின் உடைந்த பகுதியால் எட்டிப் பார்த்தோம். எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் பாண் ரொட்டி கொண்டு வருகிறவர் ஜீப்புக்கு முன்னால் வந்தபோது தலை ஆடியது. துப்பாக்கிப் பிடியால் அவரது வாயில் அடித்தார்கள். அவர் குனிந்து நிலத்தில் எதையோ தேடினார். பல்லைத் தேடினார் என்று பிறகுதான் விளங்கியது. அவருக்கு இரண்டு பேர் தள்ளி அண்ணன். ஜீப்புக்குள் இருந்த தலை நெடுநேரம் அசையாமல் இருந்தது. பக்கத்தில் நின்ற சிப்பாய் அண்ணனின் பிடரியில் ஓர் அறை விட்டுப் போகச் சொன்னான்.

பாண்காரரின் சைக்கிள் மைதான ஓரத்தில் சரிந்து கிடந்தது. பெட்டி திறந்திருந்தது. பின்னேரம் ஊருக்குள் திரியும் மான்கள் வந்து பாணைத் தின்றுவிட்டுப் போயின.

அன்று வீட்டில் நடந்த வாக்குவாதம் எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"கிண்ணியாத் தோணியில ஏத்தி விடுவம்," என்றார் அப்பா. "அங்கால வெருகலுக்குப் போனா அண்ணர் இருக்கிறார். வயலோட கிடக்கட்டும்."

"தோணித்துறையில வைச்சு எத்தினை பொடியளை இறக்கினவங்கள் எண்டு தெரியுமோ?" என்றார் அம்மா. "என்ர பிள்ளை என்ர கண்ணுக்கு முன்னால இருக்கட்டும். தம்பி சவூதியால ரிக்கற் அனுப்புமட்டுந்தானே."

"வளர்ந்த பொடியன் வீட்டுக்குள்ள இருந்து என்ன செய்யிறது?"

"விளையாடட்டும்."

அம்மா அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. சந்தியில் சும்மா நிற்கும் இளைஞர்களைத்தான் பிடிக்கிறார்கள், சின்னப் பிள்ளைகளோடு துள்ளுகிறவனை யாரும் பிடிக்கப்போவதில்லை என்பது அவரது கணக்கு. அடுத்த நாளே பக்கத்து வீட்டில் கரம் பலகையை இரவல் வாங்கினார். டாம் ஆட ஓர் அட்டையில் தானே கட்டம் கீறினார். கறுப்புக் காய்களுக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக் காய்களுக்குச் சிப்பி. தெருப் பிள்ளைகளை மறித்து, "உள்ளுக்கு வாங்கோ, அண்ணா விளையாட வாறார்" என்று கூப்பிட்டார்.

இப்படித்தான் எங்கள் வளவு அந்தத் தெருவின் விளையாட்டிடம் ஆனது. காலையில் விறாந்தையில் கரம். வெயில் ஏறினால் முந்நூற்றி நாலு சீட்டாட்டம். அண்ணன் எங்களுக்குச் சீட்டுப் பிடிக்கப் பழக்கினார். துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தை ஒன்றும் தெரியாதவர் போல வைத்திருப்பார். துரும்புக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது கடற்பக்கம் செல் விழுந்து வெடிக்கும் சத்தம் கேட்கும். அம்மா குசினியிலிருந்து, "எல்லாரும் மேசைக்குக் கீழ" என்பார். மேசைக்குக் கீழே போயும் சீட்டை ஒருவருக்கும் காட்டமாட்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வாப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த மின்சார விளையாட்டு ஒன்றும் இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மேலிருந்து குண்டுகள் விழும், கீழே கப்பலை நகர்த்தித் தப்பவேண்டும். சின்னவன் அதில் தப்ப முயற்சி செய்ததே இல்லை. குண்டுக்கு நேரே கப்பலைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் சிரிப்பான்.

சின்னவனும் சின்னம்மாவும் எங்களோடு இருந்ததற்குக் காரணம் உண்டு. முந்தின வருடம் கந்தளாயில் சித்தப்பாவைக் கடை வாசலில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். கடையையும் எரித்தார்கள். சின்னவன் கடைக்குள் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தான். என்ன பார்த்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டால் மறந்துவிடுவான் என்று பெரியவர்கள் நினைத்தார்கள்.

எங்கள் விளையாட்டுகளில் அடி நிறைய இருந்தது. போளைக்குண்டு விளையாட்டில் தோற்றவன் முட்டியை நிலத்தில் வைக்கவேண்டும், வென்றவர்கள் தூர நின்று போளையால் அந்த முட்டியில் அடிப்பார்கள். தோல் கிழிந்து வெள்ளையாகத் தெரியும். கோடு தாண்டி ஓடும் கிளித்தட்டில் முதுகில் விழும் அடியின் ஐந்து விரலும் அடுத்த நாள்வரை இருக்கும். ஒரு நாள் கிளித்தட்டில் அண்ணனின் வலக்கால் பெருவிரல் கல்லில் இடித்து நகம் கறுத்துப்போனது. அவர் நொண்டிக்கொண்டே மிச்ச ஆட்டத்தை ஆடினார். அம்மா யன்னலால் பார்த்து, "பாருங்கோ, குழந்தைப்பிள்ளை மாதிரி" என்று அப்பாவிடம் சொன்னார். அவரது குரலில் பெருமை இருந்தது.

சந்திக் காவலரணிலிருந்து பார்த்தால் எங்கள் முற்றம் தெரியும். அது அம்மாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரியவேண்டும் என்றே விரும்பினார். றப்பர் பந்து வேலிக்கு மேலால் போனால் அங்கிருந்த இளம் சிப்பாய் ஒருவன் எடுத்து எறிவான். "மல்லி, போல்!" என்று கத்துவான். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அண்ணன் நன்றாக அடித்தால் கைதட்டுவான். அம்மா ஒரு நாள் அவனுக்குப் பலாக்காய்ச் சுண்டல் கொடுத்தனுப்பினார். அவன் பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தந்தான்.

"நான் சொன்னனான் எல்லோ," என்றார் அம்மா. அப்பா வெருகல் கதையை விட்டுவிட்டார்.

தலையாட்டி விளையாட்டை யார் தொடக்கியது என்று எனக்குத் தெரியாது. அது எல்லாத் தெருக்களிலும் இருந்தது. எங்களிடம் கார் இருந்ததால் எங்கள் விளையாட்டு மற்றவர்களுடையதைவிடத் திறம். அந்தக் காருக்குச் சில்லு இல்லை, கட்டைகளின் மேல் நின்றது. உள்ளே எலிப்புழுக்கையும் பழைய எண்ணெயும் மணக்கும். மா ஆலையிலிருந்து வரும் துணிச்சாக்கு ஒன்றை எடுத்து ஓட்டை வெட்டினோம். போட்டுக்கொண்டால் மூக்குக்குள் மாத்தூள் போகும். தும்மக்கூடாது. தலையாட்டி தும்மினால் ஆட்டம் கலைந்தது.

கிளித்தட்டில் முதலில் பிடிபடுகிறவன் சின்னவன். கரம் பலகையில் அவனுக்குக் கை எட்டாது. ஆனால் சாக்கைப் போட்டுக் காருக்குள் ஏறினால் அவனைப்போல ஒருவரும் இல்லை. நாங்கள் வரிசையாக நடந்து போவோம். அவன் அசையமாட்டான். எங்களுக்கு உண்மையாகவே நெஞ்சு அடிக்கும். கடைசியில் அண்ணன் வருவார். தலை ஆடும். எப்போதும் அண்ணனுக்குத்தான் ஆடும்.

ஏனென்றால் அண்ணன் நடிப்பார். "ஐயோ, நான் இல்லை, நான் இல்லை!" என்று விழுந்து புரளுவார். நாங்கள் கை, கால், சேட்டைப் பிடித்து மாமரத்தடிக்கு இழுப்போம். செருப்பாலும் வேப்பங்கம்பாலும் அடிப்போம். அவர் கண்ணை மேலே சொருகிக்கொண்டு, நாக்கை வெளியே தள்ளி, ஒரு காலை மட்டும் ஆட்டிச் சாவார். செத்த பிறகு, "தண்ணி... ஒரு சோடா" என்பார். நாங்கள் சிரித்து விழுவோம். வேறு யாரைப் பிடித்தாலும் அழுவார்கள், அல்லது திருப்பி அடிப்பார்கள். ஒருமுறை சின்னம்மா, "இது என்ன விளையாட்டு? சாக்கைக் கழட்டடா" என்று வந்தார். அம்மா மறித்தார். "விடு தங்கச்சி. அவன் சிரிக்கிறான். கந்தளாயால வந்ததுக்குப் பிறகு இப்பதான் சிரிக்கிறான்."

பங்குனியில் காவலரணில் ஆட்கள் மாறினார்கள். பந்து எறிந்த சிப்பாயைக் காணவில்லை. புதியவர்கள் கைகாட்டவில்லை. அம்மா சுண்டல் கொடுத்தனுப்பினார். சுண்டல் பாத்திரத்தோடு தெருவில் வந்து விழுந்தது. மாமா சவூதியிலிருந்து அனுப்புவதாகச் சொன்ன விமான ரிக்கற் இன்னும் வரவில்லை. "புதுசில அப்பிடித்தான் இருப்பாங்கள்," என்றார் அம்மா. "நீங்கள் விளையாடுங்கோ."

அன்று மாலை நான்கரை மணிக்குச் சின்னவன் தலையாட்டினான். அண்ணன் வழக்கம்போல விழுந்தார். நான் இடக்கையைப் பிடித்திருந்தேன். அண்ணன் எழுந்து நிற்க முயற்சி செய்ததால்தான் நான் திரும்பிப் பார்த்தேன். படலைக்குள் அதிகாரியும் அவருக்குப் பின்னால் சிப்பாய்களும் நின்றார்கள். அதிகாரிக்கு நரைத்த மீசை. கோபமாக இருக்கவில்லை. காரின் கதவைத் திறந்து, சாக்கைத் தன் கையாலேயே கழற்றினார். சின்னவனின் முகமும் புருவமும் மாவாக இருந்தன. சிப்பாய்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். அந்த இடத்தில் அது விளையாட்டு என்று அவருக்கு முழுமையாக விளங்கிவிட்டது. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். அவர் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை.

அவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன் குனிந்தான்.

"தம்பி, இத்தினை பேர் இருக்கிறது. நீ ஏன் இவருக்கு மட்டும் தலை ஆட்டினது?"

சின்னவன் அண்ணனைப் பார்த்தான். பெரிய மனிதர் ஒருவர் அவனிடம் கேள்வி கேட்டது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அண்ணாதான் நல்லா அடி வாங்குவார்," என்றான்.

சிப்பாய் அதை மொழிபெயர்த்தான். அதிகாரி இன்னும் பலமாகச் சிரித்தார். பிறகு அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். வேப்பங்கம்பு பட்ட தழும்புகளை, சிராய்ந்த முழங்காலை, கறுத்த நகத்தைப் பார்த்தார். விரலை மட்டும் அசைத்தார். இரண்டு பேர் வந்து நாங்கள் பிடித்திருந்த அதே இடங்களில் அண்ணனைப் பிடித்தார்கள்.

அம்மா குசினியிலிருந்து தேங்காய்ப்பூக் கையோடு ஓடி வந்தார். "ஐயா, அது விளையாட்டு! சின்னப்பிள்ளையளோட விளையாடுறவர் ஐயா!"

"நாங்களும் கொஞ்சம் விளையாடிப் பாக்கிறம் எண்டு சொல்றார்," என்றான் மொழிபெயர்த்தவன்.

படலையடியில் முதல் அடி விழுந்தது. சின்னவன் கைதட்டினான். அண்ணன் நடிப்பை நன்றாகத் தொடங்குகிறார் என்று நினைத்திருக்கவேண்டும்.

அடுத்து வந்த நாட்களில் அம்மாவுக்கு ஓர் எண்ணம் பிடித்துக்கொண்டது. சின்னவன் தலையாட்டியதால்தான் பிடித்தார்கள், ஆட்டினவனே இல்லையென்று ஆட்டினால் விடவேண்டும். "அக்கா, அவன் குழந்தை," என்றார் சின்னம்மா. "குழந்தை ஆட்டினதுக்குத்தானே பிடிச்சவங்கள்? குழந்தை சொல்லி விடட்டும்." அப்பாவும் அதில் பிழை காணவில்லை. நாங்கள் யாரும் காணவில்லை. அந்தக் காலத்தில் அது நியாயமாகவே பட்டது.

அம்மா சின்னவனைக் கதிரையில் இருத்தி, அவன் தாடையை இரு கைகளாலும் பிடித்து இடமும் வலமும் திருப்பினார். "இப்பிடி. அவர் என்ன கேட்டாலும் இப்பிடி. இயக்கமோ எண்டு கேட்டா?" சின்னவன் ஆட்டினான். "துவக்கு வைச்சிருந்தவரோ?" ஆட்டினான். "கெட்டிக்காரன். கீழ மேல ஆட்டக்கூடாது. ஆட்டினா என்ன நடக்கும்?" "அண்ணாவைக் கொண்டுபோடுவாங்கள்," என்றான் சின்னவன். அவனுக்கு இது புதிய விளையாட்டு. சோறு தின்னும்போதும், குளிக்க வார்க்கும்போதும், தானாகவே ஆட்டிக்கொண்டிருந்தான்.

முகாம் வாசலில் விடிந்ததிலிருந்து நின்றோம். அம்மா, அப்பா, சின்னவன், நான். வெயில் உச்சிக்கு வந்தபோது அதே அதிகாரி வெளியே வந்தார். அம்மா அவரது காலில் விழுந்தார். "சின்னப்பிள்ளை பொய் சொல்லாது ஐயா. இவனைக் கேட்டுப் பாருங்கோ." மொழிபெயர்ப்பவன் சொன்னதைக் கேட்டு அவர் மீசையைத் தடவினார். உள்ளே பார்த்து ஏதோ சொன்னார்.

ஓர் இளைஞனைக் கொண்டுவந்தார்கள். சேட்டு இல்லை. முகம் இருந்த இடம் வீங்கி, ஒரு கண் மூடி, உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. மார்பில் சிகரெட் சுட்ட வட்டங்கள். வலக்கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது. எனக்கு முகம் தெரியவில்லை. நான் காலைப் பார்த்தேன். வலக்கால் பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

"தம்பி," என்றான் மொழிபெயர்ப்பவன், "வடிவாப் பார். இது உன்ட அண்ணாவா?"

சின்னவன் பார்த்தான். பிறகு தலையை இடமும் வலமும் ஆட்டினான். அம்மா பழக்கிய அதே வேகத்தில், அதே அளவில், நிறுத்தாமல் ஆட்டினான்.

"ஐயோ, அதுக்கில்லையடா!" என்று அம்மா கத்தினார். "அண்ணாதானடா! ஓம் எண்டு ஆட்டு! கீழ மேல ஆட்டு!"

சின்னவன் ஆட்டுவதை நிறுத்தினான். கீழே மேலே ஆட்டினால் என்ன நடக்கும் என்று அவனுக்குத்தான் சொல்லியிருந்தார்களே. அவன் கழுத்து விறைத்து நின்றான். காற்சட்டை நனைந்தது.

"நான் தாய் ஐயா, நான் சொல்றன், இது என்ர பிள்ளை!"

அதிகாரி நீளமாக ஒன்று சொன்னார். மொழிபெயர்ப்பவன் சுருக்கமாகச் சொன்னான். "சின்னப்பிள்ளை பொய் சொல்லாது எண்டு நீங்கதானே சொன்னது."

அண்ணனைத் திருப்பினார்கள். ஒருவன் முழங்காலின் பின்பக்கம் உதைத்தான். அவர் விழுந்தார். எங்கள் முற்றத்தில் என்றால் ஊருக்கே கேட்கக் கத்தியிருப்பார். அன்று கத்தவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

அன்று பின்னேரம் அம்மா கிட்டியடிக்கும் தடியை எடுத்துச் சின்னவனை அடித்தார். தடி முறிந்த பிறகு கையால் அடித்தார். சின்னம்மா குறுக்கே விழுந்தபோது அவருக்கும் விழுந்தது. பிறகு மூவரும் ஒரே இடத்தில் இருந்து அழுதார்கள். கரம் பலகை இரவல் என்பதையும் மறந்து அம்மா அதைக் கொத்தி அடுப்பில் வைத்தார். மெழுகு பூசிய பலகை, நன்றாக எரிந்தது. மாமாவின் ரிக்கற் சித்திரையில் வந்தது.

முகாமில் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். அப்பா விடாமல் போய்க் கேட்டபோது, ஒருவரைக் காட்டியதாகவும், வீட்டாரே தங்கள் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டதாகவும் பதில் வந்தது. சாகும்வரை அப்பா, வெருகலுக்கு அனுப்பியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பிறகு பத்திரிகையில் பல வருடம் இருந்தேன். செய்தியில் யார், எங்கே, எப்போது என்பவை முதலில் வரும். ஏன் என்பது கடைசிப் பந்தியில் வரும், இடம் போதாவிட்டால் அதைத்தான் முதலில் வெட்டுவோம். எங்கள் முற்றத்தில் அதிகாரி கேட்டது அந்த ஒரு கேள்வியை மட்டும்தான்.

சின்னவன் இப்போது கிண்ணியாவில், பாலத்துக்குக் கிட்ட, தச்சுப் பட்டறை வைத்திருக்கிறான். தலை நரைத்துவிட்டது. ஆணிகளை வாயில் கடித்துக்கொண்டு வேலை செய்வான். யாராவது ஏதாவது கேட்டால், சுத்தியலைக் கீழே வைத்து, ஆணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஓம்" அல்லது "இல்லை" என்று சொல்லுவான்.